தாராசுரத்துக்கு நாற்பது நிமிடம் போதாது

சோழநாட்டுக் கோயில்களுக்குச் சுற்றுலாத் திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

உங்கள் புதிய ஒருநாள் சுற்றுலாவின் துண்டறிக்கை எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. காலையில் தஞ்சைப் பெரிய கோயில், நண்பகலில் தாராசுரம், மாலையில் கங்கைகொண்ட சோழபுரம். ஏ.சி. வேன், நடுவில் சாப்பாடு. தாராசுரத்துக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது நாற்பது நிமிடம். பின்பக்கத்தில், கோயிலுக்கு அருகே வண்டி நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கி கான்கிரீட் தளம் போடப்போவதாக அச்சிட்டிருக்கிறீர்கள். நடந்து வருகிறவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. பக்கத்தில் இருக்கும் பழைய சோழத் தலைநகரான பழையாறையின் பெயர் எங்குமே இல்லை.

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் தாராசுரத்துக்காரன். பட்டு நெசவுக் குடும்பம். பல வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளையும் வெளியூர்க்காரர்களையும் நடையாகவும் சைக்கிளிலும் இந்த வட்டாரத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். காசு வாங்குவதில்லை. ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எதைப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள் என்று அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் கோயிலையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் இது. விமானம் 24 மீட்டர்தான். தஞ்சையிலோ கங்கைகொண்ட சோழபுரத்திலோ வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாலே மனம் நிறைந்துவிடும். தாராசுரம் அப்படிக் கட்டப்பட்டதல்ல. இங்கே சிற்பிகள் உழைப்பையெல்லாம் சாண் கணக்கில், விரல் கணக்கில் கொட்டியிருக்கிறார்கள். இராசகம்பீரன் திருமண்டபத்தின் தூண்களில் பார்வதி தவமும் கல்யாணமும் நாட்டியக்காரிகளும் மேளக்காரர்களும் உள்ளங்கை அகலச் சதுரங்களுக்குள் இருக்கிறார்கள். ஒரு தூணுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால்தான் கண் அந்த அளவுக்குப் பழகும். உங்கள் வேன் அட்டவணையில் நான்கு தூண் பார்த்தால் நேரம் முடிந்தது.

கருவறையைச் சுற்றிச் சுவரின் அடிப்பகுதியில் ஓடும் வரிசை இன்னும் முக்கியமானது. பெரியபுராணத்து அடியார்களின் கதைகள் அங்கே கல்லில் வரிசையாக இருக்கின்றன. சேக்கிழார் பாடிய காலம் இராசராசனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலம். அதாவது பாடல் வந்து ஒரு தலைமுறைக்குள் அது கல்லில் ஏறிவிட்டது. மேலே அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தில் பெயரும் பொறித்திருக்கிறார்கள். நின்றபடி இதைப் பார்க்க முடியாது. குந்த வேண்டும், கொஞ்சம் நகர வேண்டும், மறுபடி குந்த வேண்டும். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதை அங்கே இருக்கிறது. முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வரும் அந்தச் சிறு காட்சியைக் காட்டும்போது, அதுவரை ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வரிசையாகக் குந்திவிடுவார்கள். கதையைச் சொல்லி முடித்ததும் "அடுத்தது யாரு?" என்று தாங்களாகவே பக்கவாட்டில் நகர்வார்கள். அந்தச் சுவரை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க ஒரு காலைப் பொழுது வேண்டும்.

வேனில் வருகிறவர்கள் பெரும்பாலும் தேர் போல அமைந்த மண்டபத்தின் சக்கரத்துக்கும் குதிரைக்கும் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கம்பிக் கதவுக்குள் இருக்கும் இசைப் படிகளை எட்டிப் பார்க்கிறார்கள். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தை வழிகாட்டி காட்டுகிறார். ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறு பக்கத்தை மறைத்தால் யானை. அது அருமையான வேலைதான், சந்தேகமில்லை. அதோடு வேனின் ஹாரன் கேட்கிறது. கீழ் வரிசைக்கு முதுகைக் காட்டியபடியே கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதாக யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, சொன்னாலும் பார்க்க நேரமில்லை.

நேரத்தின் அளவு மட்டும் பிரச்சினை இல்லை. எந்த நேரம் என்பதும் இருக்கிறது. நண்பகலில் கொண்டுவந்து விடுகிறீர்கள். சன்னதி நடை சாத்தும் வேளை. செருப்பை வெளியே விட்டுவிட்டு பிரகாரத்துக் கல்லில் கால் வைத்தால் பொசுக்கும். வயதானவர்கள் நிழலுக்கு நிழல் தாவுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். சிற்பத்துக்கும் அது கெட்ட நேரம். வெயில் உச்சியிலிருந்து விழும்போது புடைப்பெல்லாம் தட்டையாகிவிடும். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் கல்லில் விரல் நகமும் கால் சலங்கையும் தெரியும். மார்கழி, தையில் வந்தால் தெற்குச் சுவரில் பொழுதெல்லாம் வெயில் இருக்கும், வடக்குச் சுவர் நிழலிலேயே கிடக்கும். ஆனி, ஆடியில் வந்தால் வடக்குச் சுவர் நன்றாகத் தெரியும். இதெல்லாம் ஊரில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். அட்டவணை போடுவதற்கு முன் எங்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம்.

கோயிலை விட்டு வெளியே வருவோம். உங்கள் திட்டம் முடியும் இடத்தில்தான் ஊர் தொடங்குகிறது. கோயிலுக்கு வெளியே கிழக்கே இடிந்து நிற்கும் பெரிய கோபுரத்தின் அடித்தளத்தை நின்று பார்ப்பவர் எத்தனை பேர்? ஒரு காலத்தில் இந்தக் கோயில் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதற்குக் கண் முன்னால் இருக்கும் சாட்சி அதுதான். பக்கத்திலேயே தெய்வநாயகி அம்மன் கோயில். அப்புறம் நெசவுத் தெருக்கள். தறிச் சத்தம் கேட்கும், சில நாள் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். நடந்து வருகிறவர் திண்ணையில் உட்காருவார், தண்ணீர் கேட்பார், சேலை நெய்வதைப் பார்ப்பார், சில பேர் நெய்தவரிடமே வாங்கியும் போவார்கள். வேனில் வருகிறவருக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் எப்போதும் கண்ணாடி இருக்கிறது.

தெருவைத் தாண்டினால் அரசலாறு. காவிரியில் பிரிந்து காரைக்காலில் கடலில் கலக்கும் ஆறு. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தபின் இந்தக் கரையோரம் காலையில் நடப்பது போன்ற சுகம் வேறில்லை. ஆனால் கரையின் இன்றைய நிலை என்ன? சீமைக் கருவேலம் பாதையை அடைத்திருக்கிறது. பல இடங்களில் குப்பையைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். கரையில் சைக்கிள் ஓட்ட முடியாததால் பிள்ளைகளை மெயின்ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. போகும்போதெல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நான்தான் கடைசி ஆளாக மிதிக்கிறேன். இப்போது சிறு பிள்ளைகளை அழைத்துப்போவதையே விட்டுவிட்டேன்.

அந்தச் சைக்கிள் பயணம் எதற்கு என்று கேட்பீர்கள். பழையாறைக்காகத்தான். தாராசுரம் தனிக் கோயில் அல்ல. சோழர்களின் இரண்டாம் தலைநகரான பழையாறை என்ற பெருநகரத்தின் ஒரு பகுதி. அரண்மனை இன்று இல்லை. சோழன்மாளிகை என்ற ஊர்ப்பெயர் மட்டும் மிச்சம். ஆனால் கோயில்கள் வயலுக்கு நடுவே சிதறி இருக்கின்றன. கீழப்பழையாறையில் சோமநாதர் கோயில். அங்கும் தேர் போல அமைந்த மண்டபம் இருக்கிறது. காலையில் தாராசுரத்துத் தேரைப் பார்த்தவர் சைக்கிளை மிதித்துப் போய் அதைப் பார்க்கும்போது இரண்டும் ஒரே நகரத்துக் கைவேலை என்பது யாரும் சொல்லாமலே புரியும். அப்பர் உண்ணாமல் கிடந்து மறைக்கப்பட்ட லிங்கத்தைக் கண்டதாகச் சொல்லப்படும் பழையாறை வடதளியும் இங்கேதான். பட்டீஸ்வரம் இருக்கிறது, ஞானசம்பந்தருக்கு முத்துப்பந்தல் வந்த தலம். அதன் பக்கத்திலேயே சத்திமுத்தம், செங்கால் நாரையைத் தூதுவிட்ட புலவரின் ஊர். அம்மை சிவலிங்கத்தைத் தழுவி நிற்கும் சிற்பம் அங்கே. பட்டீஸ்வரத்தை அடுத்து இராமநாதன் கோயில் என்ற ஊரில் முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில். வயிற்றில் பிறக்காத பிள்ளை, உலகத்தை வென்ற ராஜா, சிற்றன்னைக்காகக் கட்டிய கோயில். அதைப் பார்க்க ஒரு வேனும் நிற்பதில்லை.

எல்லாமே சில கிலோமீட்டர் சுற்றுக்குள். அரசலாறு, முடிகொண்டான், திருமலைராஜன் என்று ஆறுகள் ஓடும் வட்டாரம். சமதரை, ஒரு மேடு கிடையாது. சைக்கிளுக்கென்றே அமைந்த பூமி இது. ஆனால் தாராசுரத்தில் இறங்கும் ஒருவருக்கு இந்த ஊர்கள் இருப்பதைச் சொல்லும் பலகையை நான் பார்த்ததில்லை. போன மாசிக்கு மதுரையிலிருந்து ஒரு கணவன் மனைவி, இரண்டு பேரும் ஆசிரியர்கள், பழையாறை போக வேண்டும் என்று ஆட்டோ கேட்டிருக்கிறார்கள். "அங்க ஒண்ணும் இல்லீங்க, இடிஞ்ச கோயில்தான். கும்பகோணம் போயிருங்க" என்று பதில் வந்திருக்கிறது. ஆட்டோக்காரர் மேல் தப்பில்லை. அவருக்கு அந்தக் கோயிலைப் பற்றி யார் சொன்னார்கள்? அந்த இரண்டு பேரையும் நான் அழைத்துப்போனேன். சோமநாதர் கோயில் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று மூன்று வீடு விசாரித்து, வயலில் இருந்தவரைத் தேடிப் பிடித்துத் திறந்தோம். உள்ளூர்க்காரன் என்பதால் என்னால் முடிந்தது. சென்னையிலிருந்து சைக்கிளோடு வந்து இறங்கும் ஒரு பெண் என்ன செய்வார்? கல்யாண வீட்டுக்கு வந்து வாசலோடு திரும்புவது போலத்தான் திரும்புவார்.

ஆலோசனைக் கூட்டம் ஒன்றில் இதையெல்லாம் சொன்னபோது, "இந்த வெயிலில் நடந்து பார்க்க யார் வருவாங்க?" என்று கேட்டீர்கள். இந்த மண்ணின் ஜனங்களைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சித்திரை வெயிலில், சாமி ஏழு ஊர் சுற்றி வரும் திருவையாற்று ஏழூர்ப் பல்லக்கோடு ஊர் ஊராக ஜனங்கள் நடக்கிறார்கள். கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். ஏழூருக்கும் நடக்கிற ஜனங்கள் சோமநாதர் கோயிலுக்கு நடக்க மாட்டார்களா? நிழலும், குடிக்கத் தண்ணீரும், போகும் இடத்தில் கதவு திறந்திருக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தால் போதும்.

கான்கிரீட் தளத்துக்கு வருகிறேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சுற்றியுள்ள தரைமட்டம் பல நூறு வருஷத்தில் உயர்ந்துவிட்டது. கோயில் பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் பிரகாரத்தில் தண்ணீர் நிற்பது ஊரறிந்த விஷயம். இறைத்து வெளியேற்றுவார்கள், மறு மழைக்கு மறுபடி நிற்கும். சுற்றியிருக்கும் மண்தரைதான் இன்றைக்கு மழைநீரில் ஒரு பங்கையாவது குடிக்கிறது. அதன் மேல் கான்கிரீட்டை மெத்தினால் அந்தத் தண்ணீரும் பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். பள்ளத்தில் இருப்பது கோயில். தண்ணீரில் முதலில் ஊறுவது எது? நான் மேலே சொன்ன அந்தக் கீழ் வரிசை, முதலை வாயிலிருந்து மீண்ட பிள்ளை இருக்கும் அதே அடித்தளம். வருஷா வருஷம் கல்லில் பாசி ஏறுவதையும் உப்புப் பூத்து மேல்தோல் பொரிவதையும் நாங்கள் பார்க்கிறோம். இந்த டெல்டாவில் கல் கிடையாது. எங்கிருந்தோ கொண்டுவந்து செதுக்கிய கல் அது. போனால் போனதுதான். 2004-ல் யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது வண்டி நிறுத்துவதற்காக அல்ல.

இன்னொரு விஷயம். உங்கள் வேன் காலையில் தஞ்சாவூர் போகிறது. அங்கே அரண்மனைக் கலைக்கூடத்தில் தாராசுரத்திலிருந்து கொண்டுபோன சிற்பங்கள் இருக்கின்றன. யானைத் தோலை உரித்துப் போர்த்தி ஆடும் கஜசம்ஹாரமூர்த்தி, கங்காளமூர்த்தி, அவரைக் கண்டு மயங்கி நிற்கும் ரிஷிபத்தினிகள். முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று எடுத்துவந்த துவாரபாலகர், அடியில் தமிழில் அந்தச் செய்தியைச் சுமந்தபடி, அங்கேதான் நிற்கிறார். கலைக்கூடமும் உங்கள் பட்டியலில் இல்லை. தாராசுரத்தில் அவை இருந்த இடத்திலும் ஒரு குறிப்பு இல்லை. காலையில் ஒன்றையும் மதியம் ஒன்றையும் காட்டும் வசதி உங்கள் கையில் இருந்தும், இரண்டையும் சேர்த்துச் சொல்ல யாரும் நினைக்கவில்லை.

இப்போது எங்கள் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

கான்கிரீட் தளத் திட்டத்தை உடனே நிறுத்துங்கள். வண்டிகளைக் கோயிலிலிருந்து தள்ளி, நடக்கும் தூரத்தில், மண் தரையில் நிழல் மரங்களுக்கு அடியில் நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு முன்னால் கோயிலின் மழைநீர் வடிய வழி காணுங்கள். வடிகாலைத் தூர்வாரும் வேலை ஐப்பசி பிறப்பதற்குள் முடிந்திருக்க வேண்டும். மழை வந்தபின் மோட்டார் வைத்து இறைப்பதை வேலை என்று கணக்கில் எழுதாதீர்கள்.

தாராசுரத்துக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள், அதுவும் காலையிலோ மாலையிலோ. ஒரே நாளில் மூன்று பெருங்கோயில் என்ற கணக்கை விட்டு, இரண்டு நாளாக ஆக்குங்கள். ஒரு இரவு இந்தப் பக்கத்தில் தங்கினால் ஊருக்கும் நல்லது, பார்க்கிறவர்களுக்கும் நல்லது. தஞ்சைக் கலைக்கூடத்தையும் பட்டியலில் சேருங்கள். அங்கே போன சிற்பங்களின் படங்களை, அவை இருந்த இடம் உறுதியாகத் தெரிந்தவரை, தாராசுரத்தில் சிறு பலகைகளாக வையுங்கள்.

தாராசுரம் ரயில் நிலையத்தில் தொடங்கி, கோயில், நெசவுத் தெரு, அரசலாற்றங்கரை, சோழன்மாளிகை, பழையாறை, பட்டீஸ்வரம், சத்திமுத்தம், இராமநாதன் கோயில் வரை ஒரு நடை, சைக்கிள் பாதையைக் குறியுங்கள். புது ரோடு வேண்டாம். இருக்கிற கரையிலும் வண்டிப்பாதையிலும் கருவேலத்தை வெட்டி, குப்பையை அள்ளி, புங்கையும் பூவரசும் மருதும் வைத்தால் போதும். திருப்பத்துக்குத் திருப்பம் தமிழில் பலகை வேண்டும், அடுத்த இடம் எவ்வளவு தூரம் என்ற விவரத்தோடு. ரயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் வாடகைச் சைக்கிள் வேண்டும். பெண்கள் ஓட்டக்கூடிய சைக்கிளும் பிள்ளைகளுக்கான சின்னச் சைக்கிளும் இருக்கட்டும்.

பழையாறைக் கோயில்களின் திறப்பு நேரத்தை நிச்சயித்து வாசலில் எழுதுங்கள். சாவி வைத்திருப்பவருக்குச் சம்பளம் கொடுங்கள். இன்று அவர் வயல் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து திறக்கிறார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பத்தாவது, பன்னிரண்டாவது படித்துவிட்டு வேலை தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சிற்பம் படித்த அறிஞர்களை வைத்து அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். அந்தப் பழந்தமிழ் எழுத்தை வாசிக்கவும் சொல்லிக்கொடுங்கள். ஆட்டோக்காரர்களையும் அந்தப் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் வேண்டும். திட்டத்தின் முழு வரைபடத்தையும் ஊர் பார்க்கும்படி வையுங்கள். அடுத்த ஆலோசனைக் கூட்டத்தைத் தாராசுரத்திலேயே நடத்துங்கள். காலை ஆறரை மணிக்கு வந்தால் கோயிலின் கீழ் வரிசையையும், மழைநீர் எந்த மூலையில் நிற்கும் என்பதையும், ஆற்றங்கரை அடைபட்டிருக்கும் இடங்களையும் நானே நடந்து காட்டுகிறேன். கூட்டத் தேதியைப் பதினைந்து நாளுக்கு முன்பே தெருத் தெருவாகச் சொல்லிவிடுங்கள். நெசவாளர்கள் தறி வேலையை முடித்துவிட்டு வர வேண்டும், பழையாறைக்காரர்கள் வயல் வேலையைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
தாராசுரம் நெசவுத் தெருவாசி